வீட்டோடு இருந்து முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனை வார்டுகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது தண்டையார்பேட்டையில் ஞாயிறு பிற்பகல்களில், வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு, எண்ணூர் என்று பல இடங்களிலிருந்து வருகிறார்கள். வேலை பார்ப்பது பெரும்பாலும் பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பக்க வீடுகளில். அந்த வீட்டுக்காரர்களும் எனக்குப் போன் செய்கிறார்கள். இரண்டு பக்கமும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"சிஸ்டர், நாங்க ஆயாவா, நர்ஸா? ஏஜென்சியில 'ஹோம் நர்ஸ்'னு சொல்லித்தான் அனுப்புறாங்க."

நீங்கள் பராமரிப்பாளர். நர்ஸ் என்பது சட்டப்படி வேறு. ஏ.என்.எம். இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். இதில் ஏதாவது ஒன்றைப் படித்து முடித்து, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து எண் வாங்கியவர்தான் செவிலியர். இதற்கு 1926லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஏஜென்சிக்காரர் உங்களை நர்ஸ் என்று அனுப்பினால் வீட்டுக்காரர் ஏமாறுகிறார், ஏதாவது நடந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "நான் நர்ஸ் இல்லைங்க, பார்த்துக்கொள்ள வந்திருக்கேன்."

இப்படிச் சொன்னால் மரியாதை குறைந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். குறையாது. மாத்திரை எழுதிக் கொடுக்கும் மருத்துவர் ஐந்து நிமிடம் பார்க்கிறார். அந்த மனிதர் சாப்பிட்டாரா, தூங்கினாரா, எந்தப் பக்கம் வலிக்கிறது என்று முழு நாளும் பார்ப்பது நீங்கள்தான்.

"இந்த வேலைக்கு லைசென்ஸ் ஏதாவது வேணுமா?"

இப்போதைக்கு இல்லை. செவிலியருக்கு இருப்பது மாதிரிப் பதிவேடோ, பதிவு எண்ணோ பராமரிப்பாளருக்கு இல்லை. இன்று காலையில் மீன் விற்றவர் நாளைக்குப் பக்கவாதம் வந்தவரைத் தூக்கி உட்கார வைக்கும் வேலைக்குப் போகலாம், கேட்க ஆள் கிடையாது.

மாற்ற முயற்சி நடந்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ல் வந்தது. அதைத் திருத்த 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும், பயிற்சி பெற்றவர்களையே அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. நிறைவேறாமலே 2024ல் அந்த மக்களவையோடு காலாவதியாகிவிட்டது. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளைக் கட்டுப்படுத்த ஜார்க்கண்டில் 2016லேயே சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021 மதிப்பீட்டின்படி 13.6 சதவீதம், கேரளாவுக்கு அடுத்து நாம்தான். இங்கே இந்த மாதிரி ஒரு சட்டம் எப்போதோ வந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

"எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன். எனக்கெல்லாம் யார் டிரெய்னிங் தருவாங்க?"

தருவார்கள். மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்', 'ஹோம் ஹெல்த் எய்ட்' என்று இரண்டு படிப்புகள் உண்டு. ஒவ்வொரு படிப்புக்கும் ஒவ்வொரு கல்வித் தகுதி கேட்பார்கள், சேரும் முன் அதை விசாரியுங்கள். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமும் இலவசப் பயிற்சிகள் நடத்துகிறது.

தெருவுக்குத் தெரு "நர்சிங் டிப்ளமோ" என்று போர்டு மாட்டியிருக்கும் இடங்களில் பணத்தைக் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். சான்றிதழ் தருவது யார்? ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் நேரடிப் பயிற்சி? இரண்டாவது கேள்விக்கு இழுத்து இழுத்துப் பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். என் வகுப்புக்கு வந்த ஒரு பெண் 30,000 ரூபாய் கட்டி, லேமினேட் செய்த சான்றிதழும் கழுத்துப் பட்டையும் வைத்திருந்தார். பி.பி. பார்க்கும் கருவியைக் கையால் தொட்டதே இல்லை.

"படுத்த படுக்கையா இருக்கறவங்களைப் புரட்டிப் போட படிப்பு எதுக்கு? எங்க பாட்டியை நான் பாத்துக்கலையா?"

இந்தக் கேள்வி வந்தால் நான் வாயால் பதில் சொல்வதில்லை. தரையில் பாய் விரித்து ஒருவரைப் படுக்க வைத்து, "புரட்டுங்க" என்பேன். பத்தில் எட்டுப் பேர் அக்குளில் கை கொடுத்து இழுப்பார்கள். பக்கவாதம் வந்த கையை அப்படி இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும். முதுகுத் தோல் படுக்கையோடு உரசும். படுக்கைப் புண் வர அந்த உரசலும் ஒரு காரணம்.

சரியான முறை இது. பழைய வேட்டி ஒன்றை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி அவருக்கு அடியில் எப்போதும் போட்டு வையுங்கள். அவரை மேலே நகர்த்த வேண்டுமா, இரண்டு பக்கமும் இரண்டு பேர் வேட்டியைப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள், உடம்பைத் தொட்டு இழுக்காதீர்கள். நீங்கள் ஒருவரே இருந்தால் அவரை உங்கள் பக்கமாகப் புரட்டுங்கள். அந்தப்புறம் இருக்கும் முழங்காலை மடித்து வைத்து, ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில் வைத்து, "தாத்தா, புரட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டு மெதுவாகச் சாயுங்கள். முதுகுக்கு ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒன்று. குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த துண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். ஏர் பெட் போட்டிருந்தாலும் பக்கம் மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று. புண் வரும் முன் தோல் சிவக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு பல நேரம் தெரியாது. அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள். வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கல் மாதிரியோ இருந்தால் அந்தப் பக்கம் படுக்க விடாதீர்கள், வீட்டாரிடம் சொல்லுங்கள். கொருக்குப்பேட்டைப் பெண் ஒருவர் ஒரு பாட்டியின் குதிகாலை இப்படித் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். தோல் உடையும் முன்பே சரியாகிவிட்டது. பயிற்சி என்பது இந்தப் புறங்கைதான்.

"வீட்ல இன்சுலின் போடச் சொல்றாங்க. போடலாமா?"

ஊசி, ட்ரிப்ஸ், மூக்குக் குழாய் மாற்றுவது, சிறுநீர்க் குழாய் போடுவது நான்கும் செவிலியர் வேலை. முதல் பதிலில் சொன்ன எல்லைக் கோடு இதுதான். இன்சுலினை வீட்டில் ஒருவர் கற்றுக்கொண்டு போடுவது வழக்கம். அது குடும்பத்தாராக இருக்கட்டும். நேரத்தை ஞாபகப்படுத்துவது, சர்க்கரை அளவைப் பார்த்து எழுதி வைப்பது, போட்ட பிறகு சாப்பாடு தாமதமாகாமல் பார்ப்பது உங்கள் வேலை.

மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பதை ஆஸ்பத்திரியிலேயே உங்களுக்குக் காட்டிக் கொடுத்திருந்தால் செய்யலாம். தலைப்பக்கம் சாய்மானமாக உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை படுக்க வைக்கக் கூடாது. குழாய் நகர்ந்த மாதிரித் தெரிந்தாலோ, இருமினாலோ ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதீர்கள். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். நேரம், என்ன சாப்பிட்டார், மாத்திரை, சிறுநீர் எவ்வளவு, மலம் போனாரா, எந்தப் பக்கம் படுக்க வைத்தீர்கள், வீட்டார் என்ன சொன்னார்கள். எழுத வராவிட்டால் கட்டம் போட்டு டிக் அடியுங்கள். இந்த நோட்டைப் பற்றிக் கீழே திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

"சம்பளம் எவ்ளோ கேக்கலாம்?"

வீட்டு வேலைக்குத் தமிழ்நாடு அரசு 2018ல் குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் அதில் அடக்கம். அப்போது போட்டது மணிக்கு 40 ரூபாய்க்கும் கீழே. நீங்கள் அதைவிட நிச்சயம் அதிகம் வாங்குவீர்கள், அதனால் அதைக் காட்டிப் பேரம் பேச முடியாது. ஆனால் அரசு இதைக் கூலி பெற வேண்டிய தொழில் என்று ஒப்புக்கொண்டதற்கு அது ஆதாரம்.

கேட்கும்போது மணிக்கணக்கில் கேளுங்கள். "மாசம் இவ்வளவு" என்று மொத்தமாகப் பேசினால் எட்டு மணி பன்னிரண்டாகும், பன்னிரண்டு பதினாலாகும். அப்புறம் சமையலும் பாத்திரமும் சேர்ந்துகொள்ளும். நோயாளியின் துணி, நோயாளியின் சாப்பாடு, நோயாளியின் அறை வரை உங்கள் வேலை. அதற்கு மேல் என்றால் தனிக் கூலி.

"ஏஜென்சி அவங்ககிட்ட வாங்குறது வேற, எனக்குத் தர்றது வேற. இது நியாயமா?"

எவ்வளவு வாங்குகிறார்கள் என்று உங்களுக்கும் வீட்டாருக்கும் தெரியாமல் வைத்திருப்பதுதான் அநியாயம். ஆள் வராத நாளில் மாற்று ஆள், பயிற்சி, இ.எஸ்.ஐ., பி.எஃப். இவற்றைத் தந்துவிட்டு ஒரு பங்கு எடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். பல இடங்களில் வெறும் போன் நம்பரைக் கொடுத்ததற்காக மாதா மாதம் எடுக்கிறார்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்தில் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் போடுவார். பிடித்தார்கள் என்றால் இ.எஸ்.ஐ. எண் எங்கே என்று கேளுங்கள், அந்த அட்டை இருந்தால் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம். "நீங்க எங்க ஸ்டாஃப் இல்ல, நாங்க ஆள் சேர்த்து விடுறோம், அவ்வளவுதான்" என்று சில ஏஜென்சிகள் நழுவும். யூனிபார்ம் கொடுத்து, டியூட்டி போட்டு, சம்பளமும் அவர்கள் கையால் கொடுத்தால் அந்தப் பேச்சு செல்லாது என்று தொழிலாளர் துறையில் வாதாடலாம். அதற்கு சம்பளம் வங்கிக் கணக்கில் வந்திருந்தால் நல்லது.

"24 மணி நேர டியூட்டின்னா தூங்கவே கூடாதா?"

தூங்கத்தான் வேண்டும். ராத்திரி மூன்று முறை எழுப்பப்பட்டவர் காலையில் பாட்டியைக் குளியலறைக்கு நடத்திப் போனால் இரண்டு பேரும் விழுவார்கள். இரவில் தொடர்ந்து ஆறு மணி நேரம் ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் லீவு, படுக்கத் தனி இடம் மூன்றையும் பேசிக்கொண்டு போங்கள். நோயாளி இரவு முழுக்க விழித்திருப்பவர் என்றால் அது ஒரு ஆளின் வேலையே இல்லை, இரண்டு ஷிப்ட் வேண்டும். வீட்டாருக்குச் செலவு கட்டவில்லை என்றால், குடும்பத்தில் ஒருவர் இரவைப் பார்த்துக்கொள்ளட்டும்.

"நல வாரியத்துல பதிஞ்சா என்ன கிடைக்கும்? அது வீடு கூட்டுறவங்களுக்குத்தானே?"

உங்களுக்கும்தான். தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் 2007ல் வந்தது. 18 முதல் 60 வயது வரை பதியலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, திருமண உதவி, மகப்பேறு உதவி, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குத் தொகை, 60க்குப் பிறகு ஓய்வூதியம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், இந்த வேலை செய்கிறீர்கள் என்பதற்கான சான்று ஆகியவை வேண்டும். ஆன்லைனில் பதியலாம். சிக்கல் வந்தால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவுக்குப் போங்கள். புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். என் வகுப்பில் பலருக்கு அட்டை இருக்கிறது, காலாவதியாகிப் பெட்டிக்குள் கிடக்கிறது.

"மழைத் தண்ணி நின்னா வர முடியல. சம்பளம் பிடிக்கிறாங்க."

கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடியிலிருந்து எப்படி வருவது என்று இந்தப் பக்க மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் புயல் மழையில் சிலர் நான்கு நாள் அந்த வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொண்டார்கள், அவர்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வருடத்தில் இத்தனை மழை நாள் பிடித்தம் இல்லை, அந்த நாளில் தங்கினால் இரட்டைக் கூலி என்று முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

"நாங்க வேலைக்குப் போற நேரம் வீட்டையே ஒப்படைக்கிறோம். வர்றவங்களை எப்படி நம்புறது?" (பெரம்பூரிலிருந்து ஒரு மகள்)

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வேலைக்கு வருபவரைப் பற்றிய சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். அவரிடம் சொல்லிவிட்டு, அவர் சம்மதத்தோடு செய்யுங்கள். முன்பு வேலை செய்த வீட்டாரிடம் பேசுங்கள். முதல் மூன்று நாள் நீங்களோ உறவினரோ கூடவே இருங்கள். படுக்கைக் கேள்வியில் சொன்ன மாதிரி புரட்டச் சொல்லிப் பாருங்கள், அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அவரும் உங்களை நம்பி வருகிறார் அம்மா. அவருக்கும் உங்கள் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்பாவுக்குக் கோபம் வருமா, தொற்று ஏதாவது உண்டா, எடை எவ்வளவு, வீட்டில் கேமரா எங்கெங்கே இருக்கிறது என்பதை எல்லாம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். ஆதார் அட்டையின் அசலை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், நகல் போதும்.

"அம்மா கையில நீலமா இருக்கு. பாத்துக்க வர்றவ அடிச்சிருப்பாளோ?"

கேளுங்கள், கத்தாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு லேசாக அழுத்திப் பிடித்தாலே நீலமாகும். நோட்டைப் பாருங்கள். அன்று விழுந்தாரா, ரத்தம் எடுத்தார்களா? மேல் கையின் உட்பக்கம் விரல் பதிந்த மாதிரித் தழும்பு, அம்மா பராமரிப்பாளரைப் பார்த்ததும் ஒடுங்குவது, நோட்டில் திடீரென்று பக்கங்கள் காலி, இப்படி இருந்தால் விஷயம் வேறு. அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567.

"தாத்தாவுக்கு மறதி நோய். கதவைத் திறந்துட்டுப் போயிடறார். கட்டிலோட கட்டிப் போடச் சொல்றாங்க."

கட்டாதீர்கள். கட்டினால் இழுப்பார், தோல் கிழியும், மூச்சுத் திணறி இறந்தவர்களும் உண்டு. கதவின் மேல்பக்கம், அவர் கண்ணுக்குப் படாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள். கதவில் ஒரு மணி. சட்டைப் பைக்குள் மகனின் போன் நம்பரைத் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள். சாயங்காலம் நான்கு, ஐந்து மணிக்குத்தான் பெரும்பாலும் கிளம்புவார்கள். அந்த நேரத்துக்கு முன்னாலேயே நீங்களே கூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து வாருங்கள். ராயபுரத்தில் ஒரு தாத்தா தினமும் ஹார்பர் டியூட்டிக்குக் கிளம்புவார். அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒரு டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து, கூடவே நடந்து, "இன்னிக்கு லீவு விட்டுட்டாங்களாம்" என்று திரும்பக் கூட்டி வருவார்.

அப்படியும் கட்டச் சொன்னால், சொன்னதை நோட்டில் தேதியோடு எழுதிவிட்டு வேலையை விட்டு வாருங்கள்.

"சிஸ்டர், இதைச் சொல்லவே கூச்சமா இருக்கு. வீட்ல இருக்கற ஒருத்தர் தப்பா நடந்துக்கறார்."

கூச்சப்பட வேண்டியது அவர். நோயாளியே மறதி நோயால் அப்படிச் செய்கிறார் என்றால் மருத்துவரிடம் சொல்லி வழி தேடலாம், ஆண் பராமரிப்பாளரை வைக்கச் சொல்லலாம். மற்ற யார் செய்தாலும் குற்றம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தில் வீடும் பணியிடம்தான். மாவட்டம்தோறும் இதற்கு ஒரு உள்ளூர்க் குழு உண்டு. நமக்கு ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். எழுத முடியாவிட்டால் எழுத உதவ வேண்டியது அவர்கள் கடமை. உடனடி ஆபத்து என்றால் 181.

"நகை காணோம்னு என்னைச் சொல்றாங்க. போலீஸ் வருமா?"

வந்தால் ஓடாதீர்கள், போனை அணைக்காதீர்கள். சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்கவே முடியாத நிலையில் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்கித்தான் செய்யலாம். உடலைச் சோதிப்பதும் பெண் போலீஸ்தான். உங்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண் என்பதாலேயே இலவச வழக்கறிஞர் கேட்க உரிமை உண்டு, எண் 15100. நான் வகுப்பில் முதல் நாளே சொல்வது: பீரோ சாவியை வாங்காதீர்கள், நோயாளி கழுத்தில் கையில் கிடக்கும் நகையைச் சேரும் அன்றே நோட்டில் எழுதி வீட்டாரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

"இதையெல்லாம் அரசாங்கமே ஆள் வெச்சு செய்யக் கூடாதா?"

ஒரு பகுதி செய்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை, இயன்முறை சிகிச்சை, வலி தணிப்புச் சிகிச்சை எல்லாம் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். ஆனால் நாள் முழுக்கக் கூட இருக்கும் ஆளை அவர்கள் தருவதில்லை.

நம் பகுதிக்கு இது புதிதில்லை. 1782 பஞ்சத்தில் ராயபுரத்தில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த மணியக்காரர் சத்திரத்திலிருந்துதான் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி வந்தது, அது இன்றைய ஸ்டான்லி. ஆதரவற்ற முதியோரைப் பார்த்துக்கொள்வது இங்கே இருநூறு வருடத்துக்கு மேல் நடக்கிறது. அங்கே கை கொடுத்துத் தூக்கிய ஆயாக்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

"பாட்டி போயிட்டாங்க. மறுநாளே வேலை இல்லைன்னுட்டாங்க. ரெண்டு வருஷம் பாத்துக்கிட்டேன்."

இந்த வேலையில் மட்டும்தான் நன்றாகச் செய்தாலும் ஒரு நாள் சாவோடு முடியும். அதனால் சேரும் அன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: நோயாளி இறந்தாலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலோ எத்தனை நாள் சம்பளம். பதினைந்து நாளாவது கேளுங்கள். மேலே சொன்ன மணிக்கணக்கு, லீவு, மழை நாள் எல்லாமே அந்த ஒரே தாளில் வரும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல்.

எழுதாமல் போய்விட்டதா, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் போய்க் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் கொடுத்துவிடுகிறார்கள். எத்தனை மாதம், என்ன நோய், என்னென்ன பார்த்துக்கொண்டீர்கள் என்று ஒரு கடிதமும் வாங்குங்கள். அடுத்த வீட்டில் உங்கள் அனுபவத்துக்கு அதுதான் சான்று. நோட்டு அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும். சென்ற மாதம் கொளத்தூரில் ஒரு மகன் அதைத் திருப்பித் தரவில்லை, தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னாராம். கடைசிப் பக்கத்தில் அவர் அம்மா இரண்டு ஸ்பூன் ரசம் சாப்பிட்ட நேரம் எழுதியிருந்தது.